வீட்டுக்குள் விளையாட்டு; விளையாட்டுக்குள் தமிழ்



அல்சூரில் வாழும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மொழிகளில் பஞ்சமில்லை. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், தெருவில் உருது, ஓதப் போகும் இடத்தில் அரபு. தமிழுக்கு மிஞ்சியிருப்பது வீடுதான். அந்த வீட்டின் மாலைப் பொழுதையும் தொலைக்காட்சியும் கைபேசியும் எடுத்துக்கொண்டால், பிள்ளைகள் தமிழ் பேசுவது எப்போது? "பார்க்காதே" என்று அதட்டினால் மட்டும் போதாது. அதற்கு ஈடாக வேறொன்றைத் தர வேண்டும். எங்கள் வீட்டில் பழகிவரும் மூன்று விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

1. மசலா

இது சமையல் மசாலா அன்று! 'மஸ்அலா' என்றால் அரபியில் கேள்வி. அச்சொல்லே வினாவிடையாக அமைந்த தமிழ் நூல்களுக்கும் பெயராயிற்று. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய 'ஆயிர மசலா', இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் மூத்ததாகக் கருதப்படுகிறது. 'நூறு மசலா'வில் கேள்வி கேட்பவள் ஓர் இளவரசி.

வீட்டில் இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி தமிழில் ஒரு புதிர் போட, மற்ற அணி விடை சொல்ல வேண்டும். தொடக்கத்திற்கு ஒன்று: "வட்டமாய் இருப்பேன், வளையல் துண்டாய் மெலிவேன், என்னைப் பார்த்து நோன்பு பிடிப்பீர்கள். நான் யார்?" இரண்டாம் நாளிலிருந்து புதிரைப் பிள்ளைகளே கட்டட்டும். விடை சொல்வதைவிடக் கேள்வி அமைப்பதில்தான் மொழி வளரும்.

2. அரபுத் தமிழ்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கு இது நல்ல பாலம். முதலில் 'உம்மா' என்று அரபு எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், எளிதில் எழுதிவிடும். அடுத்து 'வாப்பா' எழுதச் சொல்லுங்கள், அங்கே திகைக்கும். அரபியில் 'ப' ஒலிக்கு எழுத்தில்லை! முன்னோர் இருக்கும் எழுத்துகளின் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் 'ப', 'ட', 'ழ' போன்றவற்றுக்கு வழி கண்டார்கள். பிள்ளைகளும் தங்களுக்கென ஒரு குறியை அமைக்கட்டும். பிறகு பக்கத்திலேயே தமிழ் எழுத்தை எழுதிக் காட்டுங்கள், மறக்காது.

3. காகிதப் பாய்

நெல்லைச் சீமையின் பத்தமடைக் கோரைப் பாய் புகழ்பெற்றது. அதை நெய்பவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர். பழைய செய்தித்தாளை விரல் அகல நாடாக்களாக வெட்டி, ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று பின்னச் செய்யுங்கள். நீளவாட்டில் கிடப்பது பாவு, குறுக்கே போவது ஊடை. கை பின்னும்போது காது சும்மாதான் இருக்கும். பெரியவர்கள் ஊர்க்கதை சொல்ல ஏற்ற நேரம் அதுவே.

மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் போதும். ஒன்று மட்டும் கட்டாயம்: அந்த அரைமணி நேரம் உம்மா, வாப்பாவின் கைபேசிகளும் அலமாரிக்குள் இருக்க வேண்டும். பெரியவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் யாரிடம் மசலா கேட்பார்கள்?