காவலில் வளரும் காடு

நுழையும்முன்

பெருமழை பெய்து ஓய்ந்தபின் ஓடைநீர் செந்நிறமாக ஓடுவதைப் பார்த்திருப்போம். அந்நிறம் நீருக்கு உரியதன்று. வயலும் மேடும் இழந்த மேல்மண்ணுக்கு உரியது. இழந்த வளத்தை மீட்பது எவ்வாறு? மரக்கன்று நட்டால் மட்டும் போதுமா? எம்மரத்தை, எந்நிலையில், எவர் பொறுப்பில் நடுவது? இவ்வினாக்களுக்குச் செம்மண் மேடு ஒன்று அளிக்கும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

திணையும் மரமும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய திணைப்பெயர்கள் தாவரங்களின் பெயர்களே. மலைச்சாரலில் பூப்பது குறிஞ்சி. ஆற்றங்கரையில் ஓங்கி நிற்பது மருதம். ஒரு நிலத்தின் இயல்பை அங்குத் தானாக வளரும் தாவரத்தைக் கொண்டு அறியலாம் என்னும் பட்டறிவு இப்பெயர்களில் பொதிந்துள்ளது.

மரத்தைக் காக்கும் மரபும் நம்மிடம் உண்டு. சங்ககால மன்னர்கள் காவல்மரங்களைப் போற்றினர். பகைவர் அதனை வெட்டி வீழ்த்துவது அம்மன்னனுக்கு நேர்ந்த பெருந்தோல்வியாகக் கருதப்பட்டது. கோயில்களுக்குத் தலமரங்கள் அமைந்தன. ஊர்ப்புறத்து அய்யனார் கோயில்களைச் சூழ்ந்து கோயில்காடுகள் நின்றன. கோயில்காட்டில் கிளை ஒடிப்பதற்கும் ஊரார் அஞ்சினர். அவ்வச்சமே பல காடுகளுக்கு வேலியாயிற்று.

கடற்கரைச் சமவெளியின் காடு

சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய இயற்கைக் காட்டினை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். ஆண்டின் பெரும்பகுதி வறட்சி நிலவினும் இக்காட்டின் பெரும்பாலான மரங்கள் இலைகளை முழுவதும் உதிர்ப்பதில்லை. அவற்றின் தடித்த இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. வீரை, உலக்கைப்பாலை, காசா, கருங்காலி, மகிழம், நாவல் முதலியன இக்காட்டில் வளரும் மரங்கள்.

விறகுக்கும் வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் இக்காடுகள் அழிக்கப்பட்டன. இன்று அவை சிறுசிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றுள் பல கோயில்காடுகள் என்பது குறிப்பிடத்தக்கது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு இதற்குச் சான்றாகும்.

செம்மண் மேடு

புதுச்சேரிக்கு அருகில் விழுப்புரம் மாவட்ட எல்லையில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நாளில் அவ்விடம் மரங்கள் அருகிய மேட்டுநிலம். ஆங்காங்கே பனைகள் நின்றன. தடுப்பார் இன்றி ஓடிய வடகிழக்குப் பருவமழை நீர், மேல்மண்ணை அரித்துச் சென்று கடலில் சேர்த்தது. அரிப்பினால் நிலமெங்கும் பள்ளங்கள் பிளந்திருந்தன. கோடையில் இறுகிய மண்ணில் வேர் இறங்குவதும் அரிதாயிற்று.

அங்குக் குடியேறியவர்களும் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களும் இணைந்து உழைத்தனர். கன்று நடுதலோடு நீரைத் தடுத்து நிறுத்துவதையும் அடிப்படைப் பணியாகக் கொண்டனர். சரிவுக்குக் குறுக்கே மண்வரப்புகள் எழுந்தன, அரிப்புப் பள்ளங்களில் தடுப்பணைகள் அமைந்தன, குளங்கள் வெட்டப்பட்டன. ஓடிய நீர் நின்றது. நின்ற நீர் மண்ணுள் இறங்கியது. அதன்பின்னரே கன்றுகளுக்கு வாழ்வு உறுதியாயிற்று.

முன்னோடி மரமும் மண்ணின் மரமும்

வெயிலில் வெந்த வெற்றுநிலத்தில் காட்டுமரங்கள் உடனே வேரூன்றுவது கடினம். எனவே, தொடக்கத்தில் விரைந்து வளரும் மரங்களும் நடப்பட்டன. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வேலமர இனம் ஒன்று அவற்றுள் முதன்மையானது. அது மண்ணில் தழைச்சத்தை நிலைநிறுத்தியது, நிழல் தந்தது, இலைகளை உதிர்த்து மண்ணைப் போர்த்தியது. அந்நிழலில் மண்ணின் மரங்கள் மெல்ல வளர்ந்தன.

அந்த அயல்மரத்தின் வரம்பை 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் உணர்த்தியது. விரைந்து வளர்ந்த அவ்வேலமரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மண்ணின் மரங்கள் பல தாக்குப்பிடித்து நின்றன. நிலத்தைத் தயார் செய்ய அயல்மரம் உதவலாம். ஆயினும், புயலும் வறட்சியும் மாறிமாறி வரும் கடற்கரையில் நிலைத்து நிற்பதற்கு அம்மண்ணோடு பழகிய மரமே ஏற்றது. மேலும், உள்நாட்டு மரத்தின் பூவும் கனியும் இலையும் அப்பகுதிப் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் உணவாகின்றன. கனியுண்ட பறவைகளும் வௌவால்களும் விதைகளைப் பரப்பி, மனிதர் நடாத மரங்களையும் வளரச் செய்கின்றன. எஞ்சிய கோயில்காடுகள் இத்தகைய மரங்களுக்கு விதைக் களஞ்சியங்கள். அவை அழிந்தால், இழந்த காட்டை மீட்பதற்கு வேண்டிய விதையும் அழியும்.

வயலுக்கும் அதே நெறி

காட்டு மண்ணை எவரும் உழுவதில்லை, எவரும் உரமிடுவதில்லை. உதிர்ந்த இலைகளை மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் மட்கச் செய்து உணவாக்குகின்றன. வேரோடு இணைந்து வாழும் பூஞ்சைகள் நீரையும் சத்துகளையும் திரட்டித் தருகின்றன. இந்நெறியை வயலுக்குக் கொண்டுவருவதே மீளுருவாக்க வேளாண்மை. விளைச்சலைப் பெறுவதோடு, விளைவித்த மண்ணை முன்னினும் வளமாக்குவதும் இதன் நோக்கமாகும்.

மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் மூடாக்கு இடுதல், உழவைக் குறைத்தல், பயிர்களைக் கலந்தும் மாற்றியும் பயிரிடுதல், தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் பயிர்களை மடக்கி உழுதல், கால்நடை எருவைப் பயன்படுத்துதல், வரப்போரங்களில் மரம் வளர்த்தல் ஆகியன இதன் வழிமுறைகள். வேளாண் அறிவியலாளர் கோ. நம்மாழ்வார் (1938 – 2013) இத்தகைய வழிமுறைகளைத் தமிழகமெங்கும் நடந்து பரப்பினார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் உவர்ப்பேறிய நாகப்பட்டினப் பகுதி நிலங்களை மீட்க உழவர்களுக்கு வழிகாட்டினார். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகம், வறண்ட நிலத்தையும் உயிர்ப்பிக்க இயலும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.

நடுவோர் பலர், காப்போர் யார்?

மரநடுவிழாக்களில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையே பெரிதாகப் பேசப்படுகிறது. அடுத்த கோடைக்குப்பின் அவற்றுள் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதே கேட்க வேண்டிய வினா. கன்று வேரூன்றும்வரை கோடையில் நீர் வேண்டும். ஆடு மாடுகளிடமிருந்து காப்பு வேண்டும். பட்டுப்போன இடத்தில் மாற்றுக் கன்று வேண்டும்.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. பொதுநிலத்தை வேலியிட்டு அடைத்தால் ஆடு மேய்ப்பவர் மேய்ச்சலை இழப்பார்; விறகு பொறுக்குபவர் அடுப்பெரிக்க வழியின்றித் தவிப்பார். அவர்களைக் கலந்து பேசாமல் வளர்க்கும் காட்டுக்கு அவர்களே பகையாவர். மேய்ச்சலுக்கெனத் தனி இடம் ஒதுக்கினால், தீவனத்துக்கும் விறகுக்கும் உரிய மரங்களையும் சேர்த்து நட்டால், கனியிலும் தழையிலும் பங்கு உண்டு என்று உறுதியளித்தால், அவர்களே காவலர் ஆவர். அன்று தெய்வத்தின்மீது கொண்ட அச்சம் கோயில்காட்டைக் காத்தது. இன்று ஊர் கூடி எடுக்கும் முடிவும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பும் அவ்விடத்தை நிரப்ப வேண்டும்.

நகரத்திலும் இது இயலும். சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிக் குப்பை குவிந்து சீர்கெட்டிருந்த 58 ஏக்கர் நிலம், உள்நாட்டுத் தாவரங்களால் மீட்டெடுக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய தொல்காப்பியப் பூங்கா.

நீரை நிறுத்துதல், மண்ணைப் போர்த்துதல், திணைக்கு உரிய மரத்தை நடுதல், நட்டதை ஊராகக் காத்தல் என்னும் நான்கும் தொடர்ந்து நிகழும் இடத்தில் காடு மீள்கிறது. ஒன்று தவறினும் நட்ட குழி மட்டுமே எஞ்சும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, முன்பு இருந்து இன்று அருகிவிட்ட மரங்களின் பெயர்களையும் பயன்களையும் பட்டியலிடுக.

2. உங்கள் பள்ளியில் கடந்த ஆண்டுகளில் நடப்பட்ட கன்றுகளுள் இன்று உயிரோடு இருப்பவற்றைக் கணக்கிடுக. பட்டுப்போனவற்றுக்கான காரணங்களை எழுதுக.

3. ‘பொதுநிலத்தில் மரம் வளர்த்தல்’ என்னும் பொருளில், ஆடு மேய்ப்பவர், உழவர், மாணவர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் உரையாடுவதாக ஓர் உரையாடல் அமைத்து வகுப்பறையில் நடித்துக் காட்டுக.