அளவான இடமும் அளவான உரமும்

திருப்பூர் என்றதும் பின்னலாடையே பலர் நினைவிற்கு வரும். ஆயினும், அம்மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை, குடிமங்கலம் முதலிய பகுதிகளில் மக்காச்சோளமும் பரவலாக விளைகின்றது. பல்லடம் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகள் தீவனத்திற்கு மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பியுள்ளன. அப்பயிரின் விளைச்சல் நல்ல விதையால் மட்டும் அமைவதன்று. செடிகளுக்கு விடும் இடைவெளியும், இடும் உரமும் ஒன்றற்கொன்று இயைந்திருத்தல் வேண்டும்.

நெல்லுக்கு நண்டு ஓடவும், கரும்புக்கு நரி ஓடவும், தென்னைக்குத் தேர் ஓடவும் இடம் வேண்டும் என நம் உழவர் அளவு வகுத்திருந்தனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்த மக்காச்சோளத்திற்கு அத்தகைய பழைய அளவு இல்லை. அதனை ஆய்ந்து காணும் கடமை வேளாண் அறிஞர்க்கு ஆயிற்று.

இறவையில் பயிரிடும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி விடுமாறு கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. அவ்வாறு விதைத்தால் ஓர் எக்டரில் ஏறத்தாழ 66,600 செடிகள் நிற்கும். அவற்றிற்குத் தழைச்சத்து 250 கிலோ, மணிச்சத்து 75 கிலோ, சாம்பல்சத்து 75 கிலோ என்பது பொதுவான உர அளவு. மண்ணை ஆய்ந்து இதனைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். தழைச்சத்தைப் பங்கிட்டுப் பார்த்தால், ஒரு செடிக்கு 4 கிராமுக்கும் குறைவே ஆகும்!

செடிகள் மிக நெருங்கினால் ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழும். நீருக்கும் உணவுக்கும் போட்டி உண்டாகும். தண்டு மெலிந்து காற்றில் சாயும். சில செடிகள் கதிரே ஈனா. மிக விலகினாலோ, கதிர் பருத்திருப்பினும் அதன் எண்ணிக்கை குறையும். உண்பாரற்ற உரம் வீணாகும்.

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. ஆகவே, அதனை முழுவதும் அடியுரமாக இடுவர். தழைச்சத்தோ நீரில் கரைந்து ஓடும் இயல்பினது. ஒரே முறையில் இட்டால், மிகுதி வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கி, கிணற்று நீரையும் கெடுக்கும். ஆதலால், கால் பங்கை விதைக்கும்போதும், அரைப் பங்கை 25ஆம் நாளிலும், எஞ்சிய கால் பங்கை 45ஆம் நாளிலும் இடுதல் முறை.

கடன் பெற்று உரம் வாங்கும் உழவனுக்கு ஒரு மூட்டை வீணாவதும் பேரிழப்பே. மிகுதியாக இடுவதே மிகுதியாக விளைவிக்கும் என்று எண்ணுதல் தவறு. இடமறிந்து விதைத்து, காலமறிந்து உரமிடுபவனுக்கே நிலம் தன் பயனை நிறைவாகத் தரும்.