முன்பணம் கட்டிவிட்டு ஆசி கேட்கிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

'லிமிடெட் எடிஷன் சிக்னேச்சர் கிட்டார் வாங்கலாமா?' என்று கேட்டிருக்கிறாய். யோசனை கேட்கிற மாதிரித் தெரியவில்லை. முன்பணம் கட்டிவிட்டு ஆசி கேட்கிறாய், திருட்டுப் பயலே!

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். நம் நாயகன் தொட்டதைப் போல ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில் கடையொன்றில் ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களை அள்ளி வந்தார். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் முதலான நண்பர்கள் மூவருக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். மீதி மூன்றையும் கழற்றி, நல்ல பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதான் 'பிளாக்கி'. 2004இல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. பணம் ஆன்டிகுவாவில் அவர் தொடங்கிய போதை மீட்பு மையத்துக்கு. 2006இல் ஃபெண்டர் 275 நகல்கள் செய்தது. ஒன்று 24,000 டாலர். கீறல்களும் சிகரெட் சுட்ட தழும்பும்கூட அச்சு அசல். ஒரே நாளில் காலி!

"பார்த்தீர்களா அண்ணே, விலை ஏறும்" என்பாய். ஏலத்தில் விலைபோனது அவர் பல வருடம் மேடையில் தேய்த்த கிட்டார். நகலில் இருப்பது பட்டறைக்காரர் போட்ட தேய்மானம். அது விலை ஏற வேண்டுமானால் நீ பெட்டியைத் திறக்கவே கூடாது. அதற்குப் பணத்தை வங்கியில் போடேன், வட்டியாவது வரும்.

"அப்படியானால் சிக்னேச்சர் எல்லாம் ஏமாற்றா?" அவசரப்படாதே. 1988இல் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் ஒரு ஸ்ட்ராட் கொண்டுவந்தது. பாட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட் ஒன்று அதற்குள் இருந்து நடுத்தர ஒலிகளை (மிட்ரேஞ்ச்) தூக்கிக் கொடுக்கும். கழுத்தின் முதுகு லேசாக 'வி' வடிவம். மெல்லிய ஸ்ட்ராட் ஒலி தடித்து வர வேண்டும் என்ற வாசிப்பவரின் தேவை அதில் இருக்கிறது. வருடக்கணக்கில் கடையில் கிடைத்த மாடல் அது, வரிசை எண் போட்டு மிரட்டவில்லை. கையெழுத்துக்குக் காசு கொடு, தப்பில்லை. '275இல் 43' என்ற எண்ணுக்குக் கொடுக்காதே. எண் ஒலிக்காது.

கடைக்குப் போய் மடியில் வைத்து அரை மணி நேரம் வாசி. கழுத்து கைக்கு அடங்குகிறதா என்று பார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தால் சொல், நான் பேசுகிறேன்.

அதற்கு முன், பீரோ மேல் கிடக்கிற பழைய கிட்டாருக்குக் கம்பி மாற்று. போன தீபாவளிக்கே அது துருப்பிடித்திருந்தது.

அன்புடன்,
அண்ணன்