குழாயைத் தட்டுவது யார்?

நியூயார்க்கின் பழைய அடுக்குமாடி வீடுகளில், குளிர்கால இரவில் ஒரு சத்தம் கேட்கும். டங்! டங்! டங்!

"அம்மா, யாரோ குழாயைத் தட்டுறாங்க!" என்று நீங்கள் பயந்து எழுந்துவிடுவீர்கள். யாரும் தட்டவில்லை. தட்டுவது தண்ணீர்!

கட்டடத்தின் அடித்தளத்தில் பெரிய கொதிகலன் இருக்கிறது. அதில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் கொதித்து நீராவி ஆகும். நீராவி குழாய் வழியாக ஏறி, உங்கள் அறையில் உள்ள இரும்பு ரேடியேட்டருக்குள் போகும். தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீர் ஆகிவிடும். இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்குமே, அதே கதைதான்.

அந்தத் தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்ப வேண்டும். பல வீடுகளில் நீராவி ஏறுவதற்கும் தண்ணீர் இறங்குவதற்கும் ஒரே குழாய்தான்! அதனால் ரேடியேட்டர் குழாய்ப் பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வேகமாக வரும் நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய் இரும்பில் மோதும். டங்!

"அப்பா, ரொம்பச் சூடா இருக்கு. வால்வைப் பாதி மூடட்டுமா?"

"வேண்டாம்மா. பாதி மூடினா தண்ணி வெளிய வர முடியாது. முழுசாத் திறக்கணும், இல்லேன்னா முழுசா மூடணும். நீ தொடாதே, கை சுட்டுடும்!"

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். குழாய்க்கு எதிர்ப்பக்கம் உள்ள கால்களின் அடியில் சின்ன மரத்துண்டைச் செருகுவார். அவ்வளவுதான், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். பிறகு 'உஸ்ஸ்' என்று மட்டும் கேட்கும். அது காற்று வெளியேறும் சத்தம். நீங்கள் தூங்கலாம்.

உங்கள் வீடு குளிர்காலத்தில் எப்படிச் சூடாகிறது? அப்பா அம்மாவிடம் கேட்டு, மூன்று வரிகள் எழுதுங்கள்.