காணாப் பொருளைக் கணக்கால் அறிதல்



“தோட்டத்துக் கோடியில் பேய் உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். “விண்வெளியில் கருந்துளை உண்டு; அதுவும் கண்ணுக்குத் தெரியாது” என்று அறிவியல் நூல்கள் கூறுகின்றன. முன்னதை நம்பாதீர் என்று சொல்லும் ஆசிரியரே பின்னதைக் கற்பீர் என்கிறார். இஃது எவ்வாறு பொருந்தும்? சிந்திக்கும் மாணவர் கேட்க வேண்டிய வினாவே இது. இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியாண்டும் விண்மீன் மண்டலங்களும்

முதற்கண் விண்வெளியின் தொலைவை உணர்தல் வேண்டும். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் செல்கிறது. கதிரவனின் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனிலிருந்து ஒளி வந்து சேர 4.2 ஆண்டுகள் செல்லும். ஓராண்டில் ஒளி கடக்கும் தொலைவையே ஒளியாண்டு என்கிறோம்.

கோடானுகோடி விண்மீன்கள் ஒன்றுசேர்ந்து வலம்வரும் பெருங்கூட்டமே விண்மீன் மண்டலம் ஆகும். நம் கதிரவன் பால்வெளி மண்டலத்தைச் சேர்ந்தது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 100,000 ஒளியாண்டுகள். அண்டை மண்டலமாகிய ஆண்ட்ரோமெடா 2.5 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆதலின், இன்று நாம் காணும் அதன் ஒளி 2.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டதாகும். தொலைவில் நோக்குவது பழங்காலத்தை நோக்குவதே என்பதை நினைவிற் கொள்க.

தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்புவது ஏன்?

ஓடும் ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பாருங்கள். கல் அசையாதிருப்பினும் நீரின் அசைவால் அது நெளிவதாகத் தோன்றும். நாமும் காற்றுக்கடலின் அடியில் வாழ்கின்றோம். விண்மீன்கள் மினுக்குவதற்குக் காற்றின் அசைவே காரணம். மேலும், ஊடுகதிர் எனப்படும் எக்ஸ் கதிர்கள் விண்ணிலிருந்து வரினும், காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது. இஃது உயிர்களுக்கு நன்மையே, வானியலார்க்கோ தடையாகும்.

இத்தடையை வெல்ல 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஹபிள் தொலைநோக்கி விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் ஆடி 2.4 மீட்டர் குறுக்களவுடையது. அந்த ஆடியின் விளிம்பு, தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குப் பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அச்சிறு பிழையால் படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அங்கே சென்று, திருத்தும் கருவிகளைப் பொருத்திப் பார்வையைத் தெளிவாக்கினர். நுண்ணிய அளவும் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இஃதொரு சான்று.

1999ஆம் ஆண்டு ஊடுகதிர்களைக் காணும் சந்திரா தொலைநோக்கி ஏவப்பட்டது. 2021 டிசம்பர் 25ஆம் நாள் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புறப்பட்டது. அதன் 6.5 மீட்டர் ஆடி 18 துண்டுகளால் ஆனது. பூமியிலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் அஃது இயங்குகிறது. தூசுப் படலங்களை ஊடுருவி வரும் அகச்சிவப்புக் கதிர்களை அது காண்கிறது. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 300 மில்லியன் ஆண்டுகளே ஆகியிருந்த காலத்து விண்மீன் மண்டலங்களையும் அது படம் பிடித்துள்ளது.

விண்மீனின் வாழ்வும் முடிவும்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்திருக்கிறீர்கள் அன்றோ? விண்மீனுக்குள்ளும் அத்தகைய போட்டி நடைபெறுகிறது. ஈர்ப்பு விசை விண்மீனை உள்நோக்கி நெருக்குகிறது. நடுப்பகுதியில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால் எழும் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகிறது. இரு பக்கமும் சமமாக உள்ளவரை விண்மீன் நிலைத்திருக்கும். எரிபொருள் தீர்ந்ததும் ஈர்ப்பின் கை ஓங்கும். கதிரவனைப் போன்ற விண்மீன் இறுதியில் சுருங்கி வெண்குறுமீன் ஆகும்.

எல்லா விண்மீன்களும் அவ்வாறே முடியுமா? 1930ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்பயணத்தின்போது அவர் போட்ட கணக்கு, வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் காட்டியது. கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. அதற்கு மேற்பட்டது வெண்குறுமீனாய் நிலைக்க இயலாது. மேலும் சுருங்கியே தீரும்.

1935ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய அறிஞர் அவையில், புகழ்பெற்ற வானியலறிஞர் எடிங்டன் இம்முடிவை ஏற்க மறுத்து எதிர்த்துரைத்தார். பெரியார் சொல்லுக்கு முன் இளைஞர் சொல் எடுபடவில்லை. ஆயினும் சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிட்டாரில்லை. காலம் அவர் பக்கமே சான்று பகர்ந்தது. 1983ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மேலே கூறிய சந்திரா தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியதே.

மிகப் பெரிய விண்மீன்களின் நடுப்பகுதி சுருங்கிக்கொண்டே சென்று, ஒளியும் வெளியேற இயலாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்துவிடுவதுண்டு. அதுவே கருந்துளை. ஒளி வெளிவராததால் அதனைக் காண இயலாது.

காணாததைக் கண்டறிந்த முறை

அன்னம் எனும் விண்மீன் குழுவிலிருந்து ஊடுகதிர்கள் வருவதை 1964ஆம் ஆண்டு ராக்கெட் வழி அறிந்தனர். 1970 டிசம்பரில் ஏவப்பட்ட உஹுரு துணைக்கோள் அதனை மேலும் ஆராய்ந்தது. அவ்விடத்தில் நீலநிறப் பெருமீன் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத துணையொன்றுடன் 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருவதை வானியலார் பின்னர்க் கண்டனர். அத்துணையின் நிறை கதிரவனைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. அதன்பால் இழுக்கப்படும் வளிமம் கொதித்து ஊடுகதிரை வீசுகிறது. துணை மறைந்திருப்பினும் அதன் செயல் மறையவில்லை.

நம் பால்வெளி மண்டலத்தின் நடுவிலும் ஒரு கருந்துளை உண்டு. அதன் நிறையை நீங்களே கணக்கிடலாம். கெப்ளர் 1619ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை நியூட்டன் விரிவாக்கினார். அதன்படி, சுற்றும் பொருளின் சராசரித் தொலைவை மும்முறை பெருக்கி, அது சுற்றும் கால ஆண்டுகளை இருமுறை பெருக்கிய தொகையால் வகுத்தால், நடுவில் உள்ள பொருளின் நிறை கிடைக்கும். பூமிக்கும் கதிரவனுக்கும் இடையே உள்ள தொலைவு 1 என்றும், கதிரவனின் நிறை 1 என்றும் கொள்க.

முதலில் வியாழனைக் கொண்டு சரிபார்ப்போம். தொலைவு 5.2, காலம் 11.86 ஆண்டு.
5.2 × 5.2 × 5.2 = 140.6
11.86 × 11.86 = 140.7
வகுத்தால் விடை ஏறத்தாழ 1. அதாவது, நடுவில் இருப்பது ஒரு கதிரவன். விதி சரியே.

இனி, பால்வெளியின் நடுவைச் சுற்றும் எஸ்2 என்னும் விண்மீனை எடுத்துக்கொள்வோம். அதன் தொலைவு ஏறத்தாழ 1,000; காலம் ஏறத்தாழ 16 ஆண்டு.
1,000 × 1,000 × 1,000 = 1,000,000,000
16 × 16 = 256
வகுத்தால் விடை 3,906,250.

ஏறத்தாழ 4 மில்லியன் கதிரவன்களின் நிறை அங்கே அடங்கியுள்ளது! நுட்பமான அளவீடுகள் 4.3 மில்லியன் என்கின்றன. ஆயினும் அவ்விடத்தில் 4 மில்லியன் விண்மீன்களின் ஒளி இல்லை. சந்திரா தொலைநோக்கியோ, அவ்விடத்திலிருந்து அவ்வப்போது ஊடுகதிர்கள் பளிச்சிடுவதைக் கண்டுள்ளது.

எஸ்2 விண்மீனைப் பல்லாண்டுகள் அளந்தவர்கள் இரு குழுவினர். ரைனார்ட் கென்சல் குழுவினர் சிலி நாட்டுத் தொலைநோக்கிகளையும், ஆண்ட்ரியா கெஸ் குழுவினர் ஹவாய்த் தீவின் தொலைநோக்கியையும் பயன்படுத்தினர். இருவருக்கும் 2020ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

வினாவிற்கு விடை

இப்பொழுது பேய்க்கும் கருந்துளைக்கும் உள்ள வேறுபாடு புலனாகும். பேயைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. அளவு ஒன்றும் இல்லை. கருந்துளையையோ, ஒருவரோடொருவர் போட்டியிட்ட இரு குழுவினர், வெவ்வேறு இடங்களிலிருந்து, வெவ்வேறு கருவிகளால் அளந்தும் ஒரே முடிவைக் கண்டனர். அம்முடிவைத் தோட்டப்பள்ளி மாணவரும் ஒரு பென்சிலைக் கொண்டு சரிபார்க்கலாம். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதால் மெய்யாகிவிடவும் செய்யாது. சான்று கேட்பதும், கணக்கிட்டுப் பார்ப்பதும் மாணவர் கடமை. பணிவோடு கேட்பின் அது மரியாதைக் குறைவன்று.

பயிற்சி

1. செவ்வாயின் தொலைவு 1.52, காலம் 1.88 ஆண்டு. மேற்கண்ட முறையில் கணக்கிட்டு, கதிரவனின் நிறை கிடைக்கிறதா எனக் காண்க.
2. ஊடுகதிர்த் தொலைநோக்கியை மலையுச்சியில் வைத்தால் போதாதா? காரணம் கூறுக.
3. ஆகஸ்டுத் திங்களில், நிலவில்லா இரவில், ஒன்பது மணியளவில் பெற்றோருடன் வெளியே நின்று தெற்கு வானை நோக்குக. விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையே வெண்புகைபோல் பால்வெளி தோன்றும். நீங்கள் கணக்கிட்ட கருந்துளை அத்திசையில்தான் உள்ளது.