தாய்மொழி வானொலியும் குடும்ப நலமும்

சாலையும் கிணறும் பள்ளிக்கூடமும் அமைத்துவிட்டால் கிராம முன்னேற்றம் நிறைவுற்றதாகாது. அவற்றைப் பயன்படுத்த வேண்டிய குடும்பம் நோயின்றி வாழவும் வேண்டும். குடும்பத்தின் நலமோ பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே தீர்மானிக்கப்படுகிறது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு வீட்டுப் பெரியவர்கள் கூறும் விடையைப் பொறுத்தே பல வேளைகளில் அக்குழந்தை பிழைக்கிறது. மலைச்சரிவிலும் காட்டோரத்திலும் ஊருக்குப் புறத்தேயும் வாழும் எளிய மக்களுக்குச் சரியான விடையை உரிய காலத்தில் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? வானொலி இதற்கு எவ்வளவு துணை செய்யும், எங்கே அதன் துணை போதாது என்பதை நாம் இங்கே ஆராய்வோம்.

பேச்சு மொழியின் வலிமை

வானொலியைக் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. அடுப்பருகே இருந்தவாறும், ஆடு மேய்த்தவாறும் கேட்கலாம். ஆயினும் காதில் விழுவதெல்லாம் மனத்தில் பதிந்துவிடுவதில்லை. ‘நீரிழப்பு’ என்று ஏட்டு மொழியில் சொன்னால் புரியாத தாய்க்கு, ‘குழந்தையின் கண் குழிந்துவிட்டதா, நாக்கு வறண்டுவிட்டதா, பாருங்கள்’ என்றால் உடனே புரியும். நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகியோருக்குத் தமிழும்கூட இரண்டாம் மொழியே என்பதை நாம் மறத்தலாகாது. கோத்தகிரியில் அமைந்த சமுதாய வானொலி தமிழோடு பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சிகள் அளித்தமை இக்காரணம் பற்றியே பாராட்டத்தக்கது.

மொழியைப் போலவே பேசுபவரும் முக்கியம். தெலங்கானாவில் ஜகீராபாத் வட்டாரத்தில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய ‘சங்கம் ரேடியோ’வை நடத்தியவர்கள் தலித் பெண்களே ஆவர். தம்மைப் போன்ற ஒருத்தி தம் பேச்சிலேயே கூறும் சொல்லுக்குக் கேட்போரிடம் தனி மதிப்பு உண்டு.

பூனா தந்த பாடம்

1956-ஆம் ஆண்டில் பூனா வானொலி நிலையத்தின் வாயிலாக ஒரு சோதனை நடைபெற்றது. மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஏறக்குறைய 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, அரை மணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றத்தினர் கூடியிருந்து கேட்டனர், கேட்டபின் விவாதித்தனர், ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர், அவற்றுக்கு வானொலியிலேயே விடை கிடைத்தது. மன்றம் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு வெகுவாக வளர்ந்தது. மன்றம் இல்லாத கிராமங்களில் வளர்ச்சி சிறிதளவே காணப்பட்டது. ஆகவே, பெட்டியை வாங்கி வைப்பது மட்டும் போதாது; கூடிக் கேட்டுப் பேசுவதே பயன் தரும் என்பது தெளிவாகிறது.

புர்க்கினா பாசோவின் அனுபவம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா பாசோவில் 2012 முதல் 2015 வரை ஒரு பெரும் ஆய்வு நடந்தது. ஏழு வட்டாரங்களில் உள்ளூர் மொழிகளில் குழந்தை நலச் செய்திகள் ஒரு நிமிட அளவில், நாளொன்றுக்குப் பத்து முறை ஒலிபரப்பப்பட்டன. வேறு ஏழு வட்டாரங்கள் ஒப்பீட்டிற்காக ஒலிபரப்பின்றி விடப்பட்டன. முதல் ஆண்டில், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளைச் சிகிச்சைக்குக் கொண்டு வருவது, ஒப்பீட்டு வட்டாரங்களை நோக்க, 35 சதவிகிதம் உயர்ந்தது. பின்னைய ஆண்டுகளில் இவ்வுயர்வு குறைந்தது. குழந்தை மரணம் இவ்விரு பகுதிகளிலும் வேறுபட்டதாக நேர்க் கணக்கெடுப்பில் நிறுவ இயலவில்லை.

இதனால் நாம் மனம் தளர வேண்டியதில்லை. ஆயினும் இதன் பொருளை நேர்மையோடு உணர வேண்டும். வானொலி தாயை மருத்துவமனை வாயில் வரை அழைத்து வரும். உள்ளே மருந்தும் செவிலியரும் இருக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமை. மலையிறங்கி வந்தவள் வெறுங்கையோடு திரும்பினால், மறுமுறை வானொலி சொல்வதை அவள் நம்புவாளா?

நிகழ்ச்சியில் கூற வேண்டுவன

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு செய்தி போதும். வயிற்றுப்போக்கை எடுத்துக்கொண்டால் கீழ்க்கண்டவற்றைத் திரும்பத் திரும்பக் கூறலாம்.

1. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துவர வேண்டும். 24 மணி நேரத்திற்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

2. பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுதல் கூடாது.

3. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது.

4. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பின்னரும் தொடர்ந்து, 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும்.

5. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், குடிக்க இயலாவிடினும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஊழியர்கள் செய்யத்தக்கது

2006-ஆம் ஆண்டு முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசு வழி வகுத்தது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி. இவ்வாய்ப்பை நம் ஊழியர்கள் நன்கு பயன்படுத்தலாம். அங்கன்வாடியிலோ மர நிழலிலோ பதினைந்து, இருபது பேர் கூடட்டும். மாமியாரும் கணவன்மாரும் அவசியம் வர வேண்டும்; வீட்டில் முடிவெடுப்பவள் இளந்தாய் மட்டும் அல்லள் அன்றோ! கிராம சுகாதாரச் செவிலியர் அன்று வருகை தந்து, கரைசலை அனைவர் கண்முன்னும் கலந்து காட்டட்டும். எழும் கேள்விகளைக் குறித்து நிலையத்திற்கு அனுப்புக. நிலையம் பெயர் கூறாது விடையளிப்பின், கூச்சமுள்ள பெண்களும் துணிந்து கேட்பர்.

மக்களுக்குச் சொல்வதற்கு நம்மிடம் செய்திகள் பல உண்டு. மக்கள் நம்மிடம் கேட்பதற்கோ அவற்றினும் பல உண்டு. அவர்கள் குரலும் வானொலியில் ஒலிக்கும் ஊர்களில், நோயுற்ற குழந்தைக்குத் தக்க துணை விரைவில் கிட்டும். அதற்கான முதல் மன்றத்தை இம்மாதமே ஒவ்வொரு வட்டாரத்திலும் கூட்டுவோமாக.