புகைபோக்கியில்லா ஆலையின் புகைக்கணக்கு

திண்டுக்கல்லினின்று வேடசந்தூர் நோக்கிச் செல்லுங்கால் நூற்பாலைகள் பலவற்றைக் காண்கின்றோம். அவற்றின்மேற் கரும்புகை காணாமையால், அவை காற்றைக் கெடாதன என எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. கதிர்களைச் சுழற்றும் மின்சாரம் நம் நாட்டிற் பெரும்பாலும் நிலக்கரியாற் பிறப்பது. ஆகவே, ஆலையின் புகை வேற்றூரில் எழுகின்றது.

இதனை மூன்று பிரிவாகக் கணக்கிடுவர். ஆலையுள் எரியும் டீசல் முதலியன முதலாவது. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பருத்தி விளைவு, சரக்குப் போக்குவரத்து முதலியன மூன்றாவது. யூனிட் ஒன்றுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படுகின்றது. 1000 யூனிட் மிச்சப்படுத்தின், 700 கிலோ குறையும். அழுத்தக்காற்றுக் குழாய்களின் கசிவை அடைத்தலும், மின்விசிறிகளின் வேகத்தைத் தேவைக்கேற்ப அமைத்தலும் எளிய வழிகள். காற்றாலை மின்சாரமும் பெருந்துணையே. ஆயின், ஆடிக்காற்று ஓய்ந்தபின் அது சுருங்கும்.

பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் முதலிரு பிரிவுகளின் கணக்கை வெளியிடுதல் 2022-23 முதற் கடமையாயிற்று. நம்மூர்ச் சிற்றாலைகட்கு அவ்விதி இல்லையே எனின், நூல் வாங்கும் பெருநிறுவனத்தின் மூன்றாம் பிரிவில் நம் புகையும் அடங்குமன்றோ? அக்கணக்கு கேட்கப்படும் நாளில் விடைகூற இயலாத ஆலை வாணிகத்தை இழக்கும். அதனை நம்பிய குடும்பங்கள் வருந்தும். ஆதலின், மின்சாரப் பட்டியலை மாதந்தோறும் ஊன்றி நோக்குதலே நாம் கற்கவேண்டிய முதற்பாடம்.